அரசு வாங்கிய தாளும் அச்சிட்ட ஆணையும்

ஓர் அரசின் வரலாற்றை எழுத முற்படுவோர் போர்களையும் உடன்படிக்கைகளையும் அரண்மனைக் கடிதங்களையும் தேடிச் செல்வதே வழக்கமாக இருக்க, அந்த அரசு எவ்வளவு தாள் வாங்கியது, எந்தப் படிவத்தை எத்தனை படிகள் அச்சிட்டது, அவற்றை எந்தக் கச்சேரிக்கு அனுப்பியது என்று சொல்லும் பதிவேடுகள் பெரும்பாலும் எவராலும் திறக்கப்படாமலே மட்கிப் போகின்றன. தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை என்ற பெயரில் இயங்கும் அலுவலகம், அரசு அலுவலகங்களுக்கு வேண்டிய தாள், மை, உறை, பதிவேடு முதலியவற்றை மொத்தமாக வாங்கி வழங்குவதையும், சட்டங்களையும் படிவங்களையும் அரசிதழையும் அச்சிடுவதையும் தன் பணியாகக் கொண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இத்தகைய அலுவலகத்தின் பழைய ஆவணங்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இம்மண் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால், அதன் அச்சு ஆவணங்களின் முற்பகுதி திருவனந்தபுரத்திலும் பிற்பகுதி சென்னையிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

அச்சு வருவதற்கு முன் அரசின் வரவு செலவும் கொள்முதலும் ஓலையில் எழுதப்பட்டன. இம்மாவட்டத்தின் பகுதியான நாஞ்சில் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் முயற்சியால் ஆய்வுலகுக்குத் தெரியவந்த முதலியார் ஓலைகளாகும். இவற்றைப் பிற்காலத்தில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். வரி, நீர்ப்பங்கீடு, நாட்டார் கூட்டம், அடிமை விற்பனை என்று பல செய்திகள் அவற்றில் உள்ளன. திருவிதாங்கூர் அரசின் மையக் கணக்குகளோ சுருணைகளாக வைக்கப்பட்டன. சுருணை என்பது பல ஓலைகளைச் சேர்த்துச் சுருட்டிக் கட்டிய ஆவணக் கட்டு. ஓலைக்கு உரிய குறை ஒன்று உண்டு: ஓர் ஆணையைப் பத்துக் கச்சேரிகளுக்கு அனுப்ப வேண்டுமானால் பத்து முறை எழுத வேண்டும், எழுதுபவர் கை மாறும்போது சொல்லும் மாறலாம், தொலைவில் இருக்கும் குடியானவர் தமக்குப் படித்துக் காட்டப்பட்டதைத்தான் நம்ப வேண்டும்.

இப்பகுதிக்கு அச்சு புதியதன்று. தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆயினும் அரசின் கைக்கு அச்சு வந்து சேர மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. 1820இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் ஓர் அச்சகம் நிறுவினார். அடுத்து, சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) திருவனந்தபுரத்தில் அரசு அச்சகம் அமைந்தது. அரசு அச்சகத்துக்கு முன்பே நாகர்கோவிலில் அச்சுப்பொறி இயங்கியது என்பது நாஞ்சில் நாட்டு வரலாற்றில் போதிய அழுத்தம் பெறாத செய்தி. 1860களில், மாதவராவ் திவானாக இருந்த காலத்தில், திருவிதாங்கூர் அரசிதழும் வெளிவரத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ் 1832இலேயே தொடங்கிவிட்டதால், அதுவே இத்தகைய வெளியீடுகளுக்கு அருகில் கிடைத்த முன்மாதிரி.

அரசிதழ் என்பது ஆணைகளும் சட்டங்களும் நியமனங்களும் ஏல அறிவிப்புகளும் முறையாக வெளியிடப்படும் அரசின் சொந்த ஏடு. அதில் அச்சேறியபின் ஒரு விதி தோவாளையிலும் பறவூரிலும் ஒரே சொல்லில் நின்றது. அரசு நிலத்தைப் பாட்டத்துக்குப் பயிரிட்டவர்களுக்கு உரிமை அளித்த 1865ஆம் ஆண்டுப் பண்டாரப்பாட்ட விளம்பரம் (அரச அறிவிப்பு), நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றியமைத்த கொல்லம் ஆண்டு 1101ஆம் ஆண்டின் 6ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டம், சுசீந்திரம் உள்ளிட்ட கோயில்களின் கதவை அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறந்த 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், இம்மாவட்டத்தின் சமூக வாழ்வைப் புரட்டிப்போட்ட மாற்றங்கள் எல்லாம் அச்சிட்ட தாளாகவே ஊர்களை வந்தடைந்தன என்பது தெளிவாகும்.

சட்டத்தின் வாசகம் நூல்களில் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்படுவதால் அது தப்பிப் பிழைத்துவிடுகிறது. அச்சகத்தின் உள்நிர்வாக ஏடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அச்சக வரலாற்றின் உயிர்நாடி அவற்றில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கச்சேரியும் தனக்கு வேண்டிய படிவங்களையும் எழுதுபொருள்களையும் கேட்டு அனுப்பும் பட்டியல் இண்டென்ட் எனப்படும். வெளியாரிடம் பொருள் வாங்க விலை கேட்பது ஒப்பந்தப்புள்ளி. வந்த பொருளும் போன பொருளும் நாள்வாரியாக எழுதப்படுவது இருப்புப் பதிவேடு. அச்சான படிகள் எங்கெங்கே அனுப்பப்பட்டன என்பதைக் காட்டுவது வினியோகப் பதிவேடு. இந்நான்கையும் ஒருசேர வைத்துப் படிப்பவருக்கு, ஒரு சட்டம் இயற்றப்பட்டதற்கும் அது ஊரில் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே கழிந்த காலம் எவ்வளவு என்பது தெரியவரும்.

இவற்றுள் வினியோகப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களின் மக்கள் தமிழ்நாட்டோடு இணையக் கேட்டுப் போராடியதற்குப் பல காரணங்கள் இருந்தன. ஆட்சிமொழியும் அவற்றுள் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுக்கும் அளவுக்கு அப்போராட்டம் சென்றது. இம்மக்களின் மனக்குறை பொதுக்கூட்டப் பேச்சுகளிலும் மனுக்களிலும் பதிவாகியுள்ளது. ஆனால் வட்டக் கச்சேரிக்கும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் தமிழ்ப் படிவம் எத்தனை சென்றது, மலையாளப் படிவம் எத்தனை சென்றது, கேட்ட மொழியில் கிடைத்ததா என்ற கேள்விகளுக்கு மேடைப் பேச்சு விடை தராது. இண்டென்டும் வினியோகப் பதிவேடும் தரும். இம்மாவட்டத்தில் பல குடும்பங்களின் நிலப்பத்திரங்கள் இன்றும் மலையாளத்தில் இருப்பதும், அவற்றைப் படிக்க ஆள் தேட வேண்டியிருப்பதும், அக்கேள்விகளை உயிருள்ளவையாக வைத்திருக்கின்றன.

கொள்முதல் என்பது தாளோடும் மையோடும் நிற்பதன்று. 1897 முதல் 1906 வரை பொறியாளர் மிஞ்சின் தலைமையில் பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டபோது வாங்கப்பட்ட பொருள்கள், அரசின் தனியுரிமையாக இருந்த உப்பு, ஊட்டுப்புரைகள் எனப்பட்ட இலவச உணவுச் சாலைகளுக்கான நெல் ஆகியவை அந்தந்தத் துறைகளின் கோப்புகளில் அடங்கும். அரசின் சொந்தத் தயாரிப்பும் உண்டு: சங்குச் சின்னம் பொறித்த திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் 1888இல் வெளிவந்தன. இத்தனை வேலைகளும் தாளில்லாமல் நடந்திருக்க இயலாது.

1956இல் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நிலவரி, பத்திரப்பதிவு ஏடுகள் உள்ளூர் அலுவலகங்களோடு வந்தன; தலைமைச் செயலகக் கோப்புகளும் அரசு அச்சகமும் அதன் ஏடுகளும் திருவனந்தபுரத்தில் நின்றுவிட்டன. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1948இல் அந்தச் சமஸ்தானம் முழுவதுமாக இணைந்ததால், புதுக்கோட்டையில் அரசுக் கிளை அச்சகம் இன்றும் தமிழ்நாட்டுத் துறையின் பகுதியாகவே இருக்கிறது. நாஞ்சில் நாட்டுக்கோ தன் அச்சு வரலாற்றைப் படிக்க எல்லை கடந்துதான் செல்ல வேண்டும்.

கேரள ஆவணக் காப்பகத் துறை 1962இல் அமைக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் நளந்தா வளாகத்தில் அதன் தலைமையகமும், கோட்டைப் பகுதியில் மைய ஆவணக் காப்பகமும் உள்ளன. சுருணைகளின் பெருந்தொகுதி பின்னதில் இருக்கிறது. 1956க்குப் பிந்தைய அரசுக் கோப்புகளுக்கு, 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக எழும்பூரில் அமைந்து இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என வழங்கும் நிறுவனத்தை நாட வேண்டும். திருவிதாங்கூர் ஏடுகளைப் பார்ப்பவர் கொல்லம் ஆண்டுக் கணக்கை அறிந்திருப்பது அவசியம். ஆவணியில், அதாவது மலையாளச் சிங்க மாதத்தில், தொடங்கும் அவ்வாண்டோடு, டிசம்பர் வரையுள்ள நாள்களுக்கு 824ஐயும் ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஓலைகளுக்குச் செல்பவர் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய பழைய எழுத்து முறைகளைப் பழக வேண்டும்.

இவை அழிவதற்கு ஈரமும் கரையானும் மட்டும் காரணமல்ல; அலுவலக விதியே ஒரு காரணம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் பின்பற்றப்பட்டு வந்த டாட்டன்ஹாம் முறையில், முடிவடைந்த கோப்பு நிரந்தரமாக வைக்கத் தக்கது, பத்தாண்டு வைக்கத் தக்கது, மூன்றாண்டு வைக்கத் தக்கது, ஓராண்டில் அழிக்கத் தக்கது என்று தரம் பிரிக்கப்படுகிறது. எழுதுபொருள் இண்டென்டு போன்ற அன்றாடக் காகிதங்கள் நிரந்தர வகையில் சேர்வது அரிது. அன்றைய அலுவலருக்கு அது முற்றிலும் நியாயமான முடிவு. இடப்பற்றாக்குறையில் வேறு வழியும் இல்லை. ஆனால் காலம் தாழ்த்தித் தப்பிய பழைய கட்டுகளை இன்று அதே விதியைச் சொல்லி எடைக்குப் போடுவது பெருங்கேடு.

இரு மாநில அரசுகளும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசிதழின் 1956 வரையுள்ள தொகுதிகளையும், ஆண்டு நிர்வாக அறிக்கைகளையும், 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும், எஞ்சியிருக்கும் அச்சக ஏடுகளையும் மின்படியெடுத்து, தென்திருவிதாங்கூர் ஊர்ப்பெயர் வாரியாகத் தமிழில் ஒரு பட்டியலும் சேர்த்து, நாகர்கோவிலிலேயே பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். அவற்றுள் அரசிதழை முதலில் எடுப்பது எளிது. ஆயினும் அதற்கு வேறு நூலகங்களில் படிகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரே படியாக எஞ்சியிருக்கும் இண்டென்டு, வினியோக ஏடுகளிலிருந்து தொடங்குவதே முறை.