அடங்காத முடியா, அடங்காத காற்றா?

காலை ஆறரை மணி. பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் தெரு விளக்குகள் இன்னும் அணையவில்லை. பள்ளிக்குப் புறப்படும் பெண்பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இந்த நேரத்தில் ஒரு சிறு போராட்டமே நடக்கும். அம்மா கையில் சீப்பு. மகள் கண்ணில் நீர்.

“வலிக்குதும்மா!”

“ஆடாம நில்லும்மா, பஸ் வந்துடும்.”

எப்படியோ சிக்கெடுத்து, வாரிப் பின்னி அனுப்பிவிடுகிறார் அம்மா. ஆனால் மகள் பள்ளி வாசலை அடைவதற்குள் நெற்றியோரமும் உச்சி வகிடும் பஞ்சு பறந்தாற்போல் கிளம்பிவிடும். மாலை வீடு திரும்பும்போது பின்னலின் நுனியில் மீண்டும் சிக்கு விழுந்திருக்கும். “இது அடங்காத முடி”, “பறட்டைத் தலை” என்று உறவினர்கள் வேடிக்கையாகச் சொல்வதைக் கேட்டு வளரும் பெண், தன் தலைமுடியே ஒரு குறை என்று நம்பத் தொடங்குகிறாள். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும், முடியை நேராக்கிக் கொள்ள சலூனைத் தேடிப் போகிறாள்.

இதற்கெல்லாம் காரணம் அந்த முடியா? இல்லை. காற்றில் உள்ள ஈரப்பதமும், அதை அறியாமல் நாம் செய்யும் சில காரியங்களும்தான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

காற்றில் மிதக்கும் தண்ணீர்

பினாங்கு ஒரு தீவு. சுற்றிலும் கடல், அடிக்கடி மழை, ஆண்டு முழுவதும் வெப்பம். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. டப்பாவை மூட மறந்தால் பொரித்த அப்பளம் சிறிது நேரத்தில் நமத்துப் போவது இதனால்தான். அப்பளத்தைப் போலவே தலைமுடியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈரம் நிறைந்த காற்றில், முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை தண்ணீரை ஏற்கக் கூடியது.

முடிக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டது அல்ல. ஜெனிவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சொசூர், காற்றின் ஈரப்பதத்தை அளக்க மனித முடியையே கருவியாக்கி, 1783இல் அது பற்றி நூல் வெளியிட்டார். காய்ந்த காற்றில் முடி சுருங்கும். ஈரக் காற்றில் நீளும். முழுக்கக் காய்ந்த நிலைக்கும் முழுக்க ஈரமான நிலைக்கும் இடையே நீளத்தில் 2 முதல் 2.5 விழுக்காடு வேறுபாடு வரும். அந்தச் சிறு அசைவை ஒரு முள்ளோடு இணைத்து அவர் ஈரத்தை அளந்தார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கருவியில் பொருத்துவதற்கு முன் அவர் முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்க வைத்து, அதிலிருந்த எண்ணெய்ப் பசையைப் போக்கினார். பசை போன முடிதான் ஈரத்துக்கு நன்றாக அசைந்து கொடுத்தது. அப்படியானால், தினந்தோறும் கடுமையான ஷாம்பு போட்டுப் பசையை எடுத்துவிடும் பெண், தன் தலையையே ஈரம் அளக்கும் கருவியாக மாற்றிக் கொள்கிறாள் என்றுதானே பொருள்?

இஸ்திரி போட்ட சட்டையைப் போல

டத்தோ கிராமாட்டிலிருந்து அதிகத் தூரம் இல்லாத ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரை வண்ணாந்துறையில் வேலை பார்த்த சலவைத் தொழிலாளர்களுக்கு ஒரு நுட்பம் தெரியும். கசங்கிய பருத்திச் சட்டையைக் காய்ந்தபடியே தேய்த்தால் சுருக்கம் முழுதாகப் போகாது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் நேராகிவிடும். நூலுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பிணைப்புகளைத் தண்ணீர் அவிழ்க்கிறது. சூடு அந்தத் தண்ணீரை விரட்டும்போது, துணி இருக்கும் நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் பூட்டிக் கொள்கின்றன.

முடியிலும் இதேதான் நடக்கிறது. முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அதில் இருவகைப் பிணைப்புகளைப் பற்றி இங்கே அறிந்தால் போதும். ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்பு. இது தண்ணீர் பட்டால் அவிழும், காய்ந்தால் கூடும். மற்றொன்று, கந்தகப் பிணைப்பு. இது தண்ணீருக்கு அசையாது. இரசாயனத்தால் உடையும். காலையில் சூடான கருவியால் நேராக்கிய முடி, வாசலைத் தாண்டி ஈரக் காற்றுக்கு வந்ததும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, தன் இயல்பான நெளிவுக்குத் திரும்புகிறது. எல்லா முடியும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் திரும்புவதில்லை. சில முடிகள் முந்துகின்றன, சில பிந்துகின்றன. அந்த ஒழுங்கின்மையைத்தான் நாம் பறட்டை என்கிறோம்.

மெல்லிய நெளிமுடி ஏன் அதிகம் சிக்காகிறது?

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வேரிலிருந்து நுனி வரை எளிதாக வழிந்து இறங்கும். நெளிந்த முடியில் ஒவ்வொரு வளைவிலும் தயங்கி நிற்கும். எனவே வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனி வறண்டும் இருக்கும். மெல்லிய முடிக்கு இன்னொரு தொல்லை. அதன் மேல்தோல் உரசலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

முடியின் மேல்தோல் வீட்டுக் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்றாக, நுனியை நோக்கிப் படிந்திருக்கிறது. தேய்ந்து கிளம்பிய ஓடுகள் பக்கத்து முடியைப் பற்றிக் கொள்ளும். வளைந்த முடிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடமெல்லாம் முடிச்சு விழும். ஹெல்மெட் அணிந்து மோட்டார் சைக்கிளில் போகும் பெண்களுக்கு வியர்வையும் உரசலும் சேர்ந்து கொள்வதால் பிடரிப் பகுதியில் சிக்கு அதிகமாகிறது.

தலைக்குளிக்கு முன் எண்ணெய்

நம் பாட்டிமார்கள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகச் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு மும்பையில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. அம்மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. அதில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் முடிக்குள் புகுந்து விடுகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் புகுவது குறையும். முடி ஊதிச் சுருங்கும் வேகமும் குறையும்.

ஆனால் அளவு முக்கியம். மெல்லிய முடிக்கு வழிய வழிய எண்ணெய் வைத்தால் தலையோடு ஒட்டிப் போகும். அதைப் போக்க இரண்டு மூன்று முறை ஷாம்பு போட வேண்டிவரும். அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, நடுமுடியிலிருந்து நுனி வரை தடவி, ஒரு மணி நேரம் கழித்துக் குளித்தால் போதும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊற வைக்கக் கூடாது. பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு.

குளிக்கும்போது ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். வழிந்து இறங்கும் நுரையே முடியைச் சுத்தம் செய்துவிடும். முடி முழுவதையும் உச்சியில் குவித்துக் கசக்குவது சிக்கை நாமே உண்டாக்குவதாகும். உடம்புக்குப் போடும் சோப்பு காரத்தன்மை உடையது. அது மேல்தோலைக் கிளப்பிவிடும். ஷாம்புக்குப் பிறகு கண்டிஷனரை நடுமுடி முதல் நுனி வரை தடவுவதை மெல்லிய முடிக்காரர்கள் விட்டுவிடக் கூடாது. தேய்ந்த இடங்களில் அது ஒட்டிக் கொண்டு வழுவழுப்பைத் தருகிறது.

சீப்பை எப்போது எடுப்பது?

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. காய்ந்த நெளிமுடியை வார வாரப் பறட்டை அதிகமாகும். ஒன்றாகச் சேர்ந்து நெளிந்திருக்கும் முடிக்கற்றைகளைச் சீப்பு தனித்தனியாகப் பிரித்துவிடுவதே காரணம். வெறும் ஈர முடியை இழுத்து வாருவதும் ஆபத்து. ஈரத்தில் முடி ரப்பர் போல நீளும். ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

நெளிமுடியில் சிக்கெடுக்க ஏற்ற நேரம், கண்டிஷனர் தலையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான். பல் அகன்ற சீப்பை எடுத்து, முதலில் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் வாருங்கள். அது சீரானதும் சற்று மேலே, பிறகு இன்னும் மேலே. கடைசியாகத்தான் வேரிலிருந்து நுனி வரை. சிக்குக்கு மேலே உள்ள முடியை ஒரு கையால் பற்றிக் கொண்டால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது. பிள்ளை அழுவதில்லை என்பதை முதல் நாளிலேயே தாய்மார்கள் காணலாம். குளிக்காத நாளில், கையைத் தண்ணீரில் நனைத்துச் சிறிது கண்டிஷனரையோ ஓரிரு சொட்டு எண்ணெயையோ சிக்கில் தடவி, விரலாலேயே பிரிக்கலாம்.

துவட்டும்போது தடித்த துண்டால் பரபரவென்று தேய்க்க வேண்டாம். மெல்லிய ஈரிழைத் துண்டோ பழைய பருத்திச் சட்டையோ போதும். ஒற்றியும் அழுத்தியும் தண்ணீரை எடுத்துவிட்டு, முடியைக் காய விடுங்கள். இன்னும் சற்று ஈரம் இருக்கும்போதே இரண்டு சொட்டு எண்ணெய் அல்லது சீரம் தடவி, விரலால் நெளிவுகளைச் சேர்த்துவிட்டு, முழுதாகக் காயும் வரை கை வைக்காமல் இருந்தால் பறட்டை வெகுவாகக் குறையும். கிளிசரின் அதிகம் சேர்ந்த பொருள்களில் மட்டும் கவனம் தேவை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் சிலருக்கு முடியை மேலும் ஊத வைக்கும்.

இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போட்டுப் படுப்பது நல்லது. கிழிந்த பட்டுச் சேலை வீட்டில் இருந்தால் தலையணை உறையாகத் தைத்துக் கொள்ளலாம். பருத்தி உறையைவிட உரசல் குறைவு. முடி அடங்க வேண்டும் என்று தினமும் இறுக்கி இழுத்துக் கட்டினால், நாளடைவில் நெற்றியோர முடி உதிர்ந்து ஏறிவிடும். நீண்ட காலம் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி திரும்பவும் முளைக்காமல் போகக் கூடும்.

நேராக்குவதற்குக் கொடுக்கும் விலை

ரீபாண்டிங் முறையில், தண்ணீருக்கு அசையாத கந்தகப் பிணைப்புகளை இரசாயனத்தால் உடைத்து, சூட்டால் நேராக்கி, மீண்டும் பூட்டுகிறார்கள். மெல்லிய முடிக்கு இது பெரிய பளு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஆறு மாதத்தில் வேரருகே ஆறு சென்டிமீட்டர் நெளிமுடி வந்துவிடும். மீண்டும் சலூன், மீண்டும் செலவு.

கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படும் சில முறைகளில் ஃபார்மால்டிஹைட் வாயு வெளியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ‘ஃபார்மால்டிஹைட் இல்லாதது’ என்று எழுதப்பட்ட சில பொருள்களிலும் அது இருந்ததாக 2011இல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. வாடிக்கையாளரைவிட, நாள்தோறும் அந்தப் புகையைச் சுவாசிக்கும் சலூன் ஊழியருக்கே ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. முடி நேராக்கும் இரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு. இந்த ஆய்வு ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது. இதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லை. எந்தப் பொருள் என்றும் பிரித்துச் சொல்லவில்லை. ஆயினும் பதினாறு வயது மகள் ரீபாண்டிங் கேட்கும்போது பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

மொட்டை போட்டால் மாறுமா?

தைப்பூசத் திருவிழாவின்போது டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் உடைத்து இரதத்தை வரவேற்று, தண்ணீர்மலைக்கு நடக்கும் கூட்டத்தில் மொட்டையடித்த குழந்தைகளைப் பார்க்கலாம். மொட்டை போட்டால் முடி நேராகவும் அடர்த்தியாகவும் வளரும் என்று நம்புவோர் உண்டு. வேண்டுதல் வேறு, வளர்ச்சி வேறு. முடியின் தடிமனையும் நெளிவையும் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர்க்குழி. கத்தி அதைத் தொடுவதில்லை. வயதும் ஹார்மோனும் நெளிவை மாற்றக் கூடியவை.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நெளிமுடியில் அவை கீழே விழாமல் சிக்கிக் கொண்டு, தலை வாரும் நாளில் மொத்தமாகச் சீப்பில் வருவதால் பயம் ஏற்படுகிறது. ஆனால் திடீரென்று முடி வறண்டு, கொத்தாக உதிர்ந்து, கூடவே களைப்பு, எடை ஏற்றம், குளிர் தாங்காமை இருந்தால் எண்ணெயை மாற்றிப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். கிளினிக்கில் தைராய்டு, இரும்புச் சத்துப் பரிசோதனை செய்து கொள்வதே சரி.

பினாங்குக் காற்றை யாராலும் மாற்ற முடியாது. மழை நாளில் ஓரிரு முடி கிளம்பத்தான் செய்யும். ஆனால் சீப்பு பிடிக்கும் நேரத்தையும், எண்ணெயின் அளவையும், பிள்ளையிடம் பேசும் சொல்லையும் மாற்றிக் கொள்ளலாம். “உன் முடி அடங்காதது” என்பதை விட்டு, “இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம், வா, மெதுவாக வாரலாம்” என்று சொல்லிப் பாருங்கள். பஸ் வருவதற்குள் பின்னி முடித்துவிடலாம்.