தினமும் கேமராவில் மாட்டி வைக்க எந்த லென்ஸ்?



கேமரா கைக்கு வந்து மூணு மாசம் ஆனதும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு நினைப்பு வரும். "இந்த கிட் லென்ஸ் போதாது, அடுத்தது ஒண்ணு வாங்கணும்." போட்டோகிராபி கிளப் சீனியர்கிட்ட கேட்டால் யோசிக்காமல் ஒரே பதில்தான்: "50 எம்எம் 1.8 வாங்கிடு மச்சி." தப்பான பதில் இல்லை. ஆனால் எந்தக் கேமரா, எந்த இடம், யாரை எடுக்கப் போறோம்னு எதுவும் கேட்காமல் சொன்ன பதில் அது. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு, இல்லைன்னா அப்பாகிட்ட ரெண்டு மாசம் கெஞ்சி வாங்கின காசு. அதைப் போடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாம என்ஜினியரிங் படிக்கிறவங்கதானே!

லென்ஸ் மேல நிறைய எண்கள் அச்சிட்டிருக்கும். நாம முதலில் பார்க்க வேண்டியது ரெண்டே ரெண்டு.

முதல் எண்: குவியத் தூரம்

18-55 மி.மீ., 35 மி.மீ., 50 மி.மீ. என்று இருப்பது குவியத் தூரம். பிளஸ் டூ இயற்பியலில் பார்த்த அதே சங்கதிதான். எண் சின்னதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். 18-55 மாதிரி எண் மாறினால் அது ஜூம். 50 என்று ஒரே எண் நின்றால் அது பிரைம். பிரைமில் ஜூம் செய்ய உங்க கால்தான் வழி.

எவ்வளவு அகலம் விழும் என்பதை லென்ஸ் மட்டும் முடிவு செய்வதில்லை, சென்சார் அளவும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். மாணவர்கள் கையில் அதிகம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார். நிக்கான், சோனியில் அதன் அகலம் சுமார் 23.5 மி.மீ. கேனானில் இன்னும் கொஞ்சம் குறைவு.

"50 மி.மீ. தான் இயல்பான பார்வை" என்ற பேச்சு ஃபிலிம் காலத்திலிருந்து வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் தன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே வைத்திருந்தார். ஆனால் அவருடைய ஃபிலிம் 36 மி.மீ. அகலம். அதே லென்ஸை உங்க ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் ஃபிலிம் கேமராவில் 75 மி.மீ. போட்ட மாதிரி ஆகிடும், கேனானில் 80 மி.மீ. அவர் பார்த்த அகலம் உங்களுக்கு வேணும்னா நீங்க வாங்க வேண்டியது 35 மி.மீ. பக்கத்தில் ஒன்று.

நம்பிக்கை வரலையா? ஒத்த முக்கோணங்கள் ஞாபகம் இருக்கா? சூத்திரம் ரொம்ப எளிது:

காட்சியின் அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ குவியத் தூரம்

ஹாஸ்டல் ரூமில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று 3 மீட்டர் தள்ளி இருக்கிறவங்களை எடுக்கிறீங்கன்னு வைங்க. 23.5 மி.மீ. சென்சாரில் விழும் அகலம் இவ்வளவு:

- 18 மி.மீ.: 3.9 மீட்டர்
- 24 மி.மீ.: 2.9 மீட்டர்
- 35 மி.மீ.: 2 மீட்டர்
- 50 மி.மீ.: 1.4 மீட்டர்

50-ல் விழுவது 1.4 மீட்டர். ரூம்மேட்ஸ் ரெண்டு பேர் தோளோடு தோள் நிற்கலாம், மூணாவது ஆள் வெளியே. பிறந்தநாள் கேக்கைச் சுத்தி எட்டு பேர் நின்றால் நீங்க வராண்டாவுக்குப் போகணும், அங்கிருந்து பார்த்தால் கதவுதான் தெரியும். இதே 50, திறந்தவெளியில் ஒருத்தரை மட்டும் போர்ட்ரெய்ட் எடுக்கும்போது பிரமாதம். ஆகவே இடம் எவ்வளவு இருக்கு என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது எண்: அபர்ச்சர்

எஃப் 1.8, எஃப் 3.5-5.6 என்று இருப்பது லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் அது. விட்டம் கீழே இருப்பதால் எண் சின்னதாக ஆக ஆக வெளிச்சம் கூடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசமும் வர்க்கத்தில்தான் வரும்.

கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6. பக்கத்தில் எஃப் 1.8. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்க: 9.7. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்! கலைவிழா அன்னைக்கு ஆடிட்டோரியத்தில் இதன் அர்த்தம் என்ன? ஐஎஸ்ஓ ஒன்றாக இருக்கும்போது, கிட் லென்ஸில் ஷட்டர் 1/20 நொடி கேட்கிற இடத்தில் 1.8 லென்ஸில் 1/200 நொடிக்கு எடுத்துவிடலாம். 1/20-ல் ஆடுறவங்க கை வெறும் கோடாகத்தான் விழும். 1/200-ல் முத்திரை தெரிய நல்ல வாய்ப்பு இருக்கு.

"என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே" என்று கேட்கலாம். அது உங்க கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். மேடையில் ஆடுறவங்களை நிறுத்தாது. இரவில் கோபுரம் எடுக்க அது உதவும், ஆட்டம் எடுக்க உதவாது.

ஆனால் பெரிய அபர்ச்சருக்கு ஒரு விலை இருக்கு. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து 2 மீட்டரில் இருப்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. ஒரு சாண் கூட இல்லை! ஒருத்தர் முகத்துக்கு அது அழகு. ரெண்டு வரிசையாக நிற்கும் ஃபேர்வெல் குரூப் போட்டோவில் அதே 1.8-ஐ வைத்தால் பின் வரிசை நண்பர்கள் மங்கிப் போயிடுவாங்க. அந்த நாள் திரும்ப வராது. குரூப் என்றால் எஃப் 5.6 அல்லது 8-க்குப் போங்க.

உங்க போட்டோக்களே டேட்டா

யார்கிட்டயும் கேட்காமல் உங்களுக்கு எது தேவைன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நீங்க எடுத்த ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் குவியத் தூரம், அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகி இருக்கும். அதுதான் எக்ஸிஃப். கம்ப்யூட்டரில் படத்தின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தாலே தெரியும். நூற்றுக்கணக்கில் பார்க்கணும்னா எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் மொத்தத்தையும் ஒரு அட்டவணையாகக் கொடுத்துடும். கிட் லென்ஸில் எடுத்து, நீங்களே பிடிச்சு வைத்திருக்கிற ஒரு 300 படங்களை எடுத்து ஹிஸ்டோகிராம் போடுங்க.

- 18 முதல் 24 பக்கம் குவிந்திருந்தால் நீங்க அகலம் தேடுகிற ஆள். 50 உங்களுக்கு ஒத்து வராது.
- 28 முதல் 40-க்குள் குவிந்திருந்தால் 35 மி.மீ. பிரைம் கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.
- 45-க்கு மேல என்றால் 50 மி.மீ. சரி. ஆனால் எல்லாமே சரியாக 55-ல் நின்றால் உஷார். ஜூம் அதுக்கு மேல போகலை என்பதால் அங்கே முட்டி நிக்குது. உங்களுக்குத் தேவை ஒருவேளை டெலி லென்ஸாக இருக்கலாம்.
- பரவலாகச் சிதறி இருந்தால் உங்களுக்கு ஜூம்தான் சரி.

இன்னொரு வடிகட்டலும் பண்ணுங்க. ஐஎஸ்ஓ 3200-க்கு மேல, ஷட்டர் 1/60-ஐ விட மெதுவாக இருக்கும் படங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் என்றால் வெளிச்சம் உங்க பிரச்சினையே இல்லை. இருக்கிற கிட் லென்ஸோடு நல்லா இருங்க, காசு மிச்சம்.

அப்போ எதை வாங்கலாம்?

ஏபிஎஸ்-சி கேமராவுக்குத் தினசரி லென்ஸ் என்றால் பொதுவாக நாலு வழி.

35 மி.மீ. எஃப் 1.8: ரூம், கேன்டீன், லேப், தெரு எல்லாத்துக்கும் நடுவாந்திரமாகப் பொருந்தும். நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. 2009-ல் வந்தது, எடை சுமார் 200 கிராம். செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கும்.

24 மி.மீ. எஃப் 2.8: கேனான் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு. பிஸ்கட் மாதிரி மெல்லிசு, சுமார் 125 கிராம். 16 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் பண்ணும், சர்க்யூட் போர்டு எடுக்கக் கூட உதவும்.

எஃப் 2.8 ஜூம்: சிக்மா, டாம்ரான் 17-50 மாதிரி. 5.6-ஐ விட நாலு மடங்கு வெளிச்சம், எந்த ஜூமிலும் எஃப் 2.8 மாறாது. கல்லூரி நிகழ்ச்சி எடுக்கிறவங்களுக்கு இதுதான் உழைக்கிற குதிரை. எடையும் விலையும் கூட. சிக்மா 17-50 அரை கிலோவுக்கு மேல. மிரர்லெஸ்ஸுக்கு 2021-ல் வந்த சிக்மா 18-50 சோனி மவுண்டில் சுமார் 290 கிராம்தான்.

18-140 மாதிரி நீள ஜூம்: ஐவி, டூர் போகும்போது லென்ஸ் மாத்தவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ராஜா, ஆடிட்டோரியத்தில் கிட் லென்ஸ் நிலைமைதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா?

முதலில் மவுண்ட். அடுத்தது மோட்டார். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி வகை 50 மி.மீ. மலிவாகக் கிடைக்குதேன்னு வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கையால்தான் ஃபோகஸ் திருப்பணும். ஏஎஃப்-எஸ் என்று இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

அப்புறம் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்க. உள்ளே சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம்ம கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸ்களில் இது வரும். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. முன் கண்ணாடியில் சின்னக் கீறல் என்றால் படத்தில் பெரும்பாலும் தெரியாது, அதை வைத்துப் பேரம் பேசலாம். பின் கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுடுங்க. வாங்கின பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

கடைசியாக, பைசா செலவில்லாத ஒரு பரிசோதனை. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. ஒரு வாரம் அதை மட்டுமே வைத்து எடுங்க. அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்க. எந்த வாரம் "அய்யோ, இன்னும் கொஞ்சம் பின்னாடி போக முடியலையே"ன்னு அதிகம் புலம்பினீங்கன்னு குறிச்சு வைங்க. சீனியர் சொன்ன லென்ஸா, வேற லென்ஸா என்பதற்கு அந்த ரெண்டு வாரமே பதில் சொல்லிடும். வாங்கிட்டு வந்து எடுத்த படங்களை இதழுக்கு அனுப்ப மறக்காதீங்க!