புத்தகத்தை மூடுங்க, இங்கிலீஷ் வரும்! தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பலர் கடகடவென்று ஒரு பக்கத்தை முடித்துவிடுவார்கள். "எம் புள்ள என்னமா இங்கிலீஷ் படிக்குது!" என்று வீட்டில் பெருமை. இப்போது பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பதில் வராது, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். வாசிப்பு என்று நாம் நினைத்தது மனப்பாடம்.

எங்கே தவறுகிறது? தமிழை நாம் முதலில் கேட்டோம், பிறகு பேசினோம், அப்புறம்தான் படிக்கவும் எழுதவும் பழகினோம். ஆங்கிலத்துக்கு மட்டும் முதல் நாளே நோட்டைத் திறந்து ‘ஏ பி சி டி’ எழுதச் சொல்கிறோம். இந்த வரிசையைச் சரிசெய்வதற்குத்தான் புத்தகத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலத்திலிருந்து. பஸ், சோப்பு, பிரஷ், பக்கெட், ஃபேன், ஸ்விட்ச், சார்ஜர், பிஸ்கட்... வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். "இதெல்லாம் இங்கிலீஷா டீச்சர்?" என்று பிள்ளைகள் வியக்கும்போதே பாதி பயம் போய்விடும்.

முதல் சில வாரங்கள் என்ன செய்யலாம்?

கட்டளை விளையாட்டு. "ஸ்டாண்ட் அப்" என்று சொல்லி ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும், பிள்ளைகளும் எழுவார்கள். பிறகு "டச் த டோர்", "ஓப்பன் த பாக்ஸ்" என்று கூட்டிக்கொண்டே போகலாம். உடலசைவோடு மொழியைக் கற்பிக்கும் இந்த முறையை 1960களில் வளர்த்தெடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர். இதில் பிள்ளை பேச வேண்டிய கட்டாயம் இல்லை. புரிந்ததைச் செய்து காட்டினால் போதும். கைக்குழந்தையும் மாதக்கணக்கில் கேட்டுவிட்டுத்தானே பேசுகிறது? "பேசு, பேசு" என்று நெருக்கினால் இருக்கிற வாயும் மூடிக்கொள்ளும்.

நம்ம ஊர் ‘கலர் கலர் வாட் கலர்’ விளையாட்டும் இதே வேலையைச் செய்கிறது. ‘ரெட்’ என்றதும் ஓடிப்போய்ச் சிவப்புப் பையைத் தொடும் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும். தனியாகத் தேர்வு எதற்கு?

எழுத்தை எப்போது, எப்படி?

காது பழகிய பிறகு. இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று சேர்த்துச் சொன்னாலே ‘மரம்’ வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை சொன்னாலும் ‘கேட்’ வராது. அதனால் எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் சொல்லித்தர வேண்டும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலி தெரிந்தாலே சிட், பின், டின், டிப், டேப் என்று சொற்கள் கூடிவரும். சோடா மூடியில் எழுதி அடுக்கலாம். பாண்டிக் கட்டத்தில் எழுதித் தாண்டலாம்.

இன்னொன்று, குத்துகிற ‘பின்’னும் குப்பை போடுகிற ‘பின்’னும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் வெவ்வேறு. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு திறப்பதற்கு முன்பே தொண்டை அதிர்ந்தால் அது குப்பைத் தொட்டி.

இது புதுசா?

இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளை வைத்து, அவரவர் வேகத்தில் படித்தார்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, ஆடல், பாடல், கதை வழியாகத் தமிழ், ஆங்கிலம், கணக்கைச் சொல்லித்தருகிறது.

"எனக்கே இங்கிலீஷ் சரளமா வராதே?"

பல ஆசிரியர்கள் வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி இது. தினமும் வகுப்பில் புழங்கும் முப்பது, நாற்பது வாக்கியங்களைத் தயக்கமில்லாமல் சொல்லப் பழகினால் தொடங்கிவிடலாம். விளையாட்டின் விதியைத் தமிழிலேயே விளக்கலாம், தப்பே இல்லை. ஆனால் புத்தகம் இல்லாத வகுப்புக்குத் தயாரிப்பு கூடுதலாக வேண்டும். இன்று எந்தச் சொற்கள், யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஆசிரியர் ஒரு நோட்டில் குறித்துவைக்காவிட்டால், விளையாட்டு வெறும் விளையாட்டாகவே முடிந்துவிடும்.

அப்போ புத்தகமே வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒலிகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படக்கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுங்கள். மேல் வகுப்புக்குப் போனால் எல்லாப் பாடமும் புத்தகத்தில்தான் இருக்கிறது. அங்கே தடுமாறக் கூடாது என்பதற்குத்தான் இந்த அடித்தளம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "நோட்டுல ஒண்ணுமே எழுதலையே, எத்தனை பாடம் முடிஞ்சுது?" என்ற கேள்விக்குப் பயந்தே பல ஆசிரியர்கள் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு இங்கிலீஷ் கிளாஸ்ல என்ன விளையாடினீங்க? எனக்கும் சொல்லிக்கொடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள்.