பூனைக்குச் சுகர்: லாங் ஆக்டிங் இன்சுலினுக்கு மாறும்போது சிரிஞ்சையும் மாற்றணுமா?

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிறது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிது பெரிதாகக் கிடக்கின்றன. நன்றாகச் சாப்பிட்டும் பூனை இளைத்துக்கொண்டே போகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் 400-ஐத் தாண்டி நிற்கிறது. இன்சுலின் ஊசி தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. "சரி, லாங் ஆக்டிங் இன்சுலினுக்கு மாறிடலாம்" என்கிறார் கால்நடை மருத்துவர்.

பழைய குப்பியை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய குப்பியை எடுத்தால் வேலை முடிந்ததா? முடியாது. மருந்தின் அடர்த்தி, சிரிஞ்ச், கையாளும் விதம், சுகர் பார்க்கும் நேரம் எல்லாமே சேர்ந்து மாறுகிறது. இதில் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து வரலாம். சரியாகச் செய்தால், சில பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

பழைய மருந்து ஏன் போதவில்லை?

பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் டைப் 2 மாதிரிதான். உடல் எடை கூடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, கணையமும் மெல்லச் சோர்ந்துபோகிறது. வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்யப்பட்ட, குண்டான ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

நம்மூரில் பூனைக்கு இன்சுலின் என்றாலே பெரும்பாலும் மனிதர்களுக்கான மருந்துதான் கைகொடுக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் எளிதில் கிடைப்பது என்.பி.எச். எனப்படும் பால் மாதிரிக் கலங்கலான இன்சுலின். டென்மார்க்கில் 1946-ல் உருவான மருந்து இது. மீனின் விந்தணுவில் இருக்கும் புரோட்டமைன் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது மெதுவாகக் கரையும் என்று ஹேகடார்ன் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்ததுதான் இதற்கு அடிப்படை. அந்தப் பெயரின் முதல் எழுத்துதான் என்.பி.எச்.-ல் கடைசியாக இருக்கும் எச்.

சிக்கல் என்னவென்றால், பூனையின் உடல் இன்சுலினை ரொம்ப வேகமாகச் செலவழித்துவிடும். மனிதருக்கு அரை நாளுக்கு மேல் தாங்கும் என்.பி.எச்., பல பூனைகளுக்கு 8 மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டாலும் நடுவில் சில மணி நேரம் உடலில் மருந்தே இருக்காது. ஊசி போட்டதும் சுகர் சரசரவென்று இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே ஏறிவிடும். 'போதலையே' என்று டோஸைக் கூட்டினால் இறங்கும் பள்ளம் ஆழமாகிறதே தவிர, மருந்து நிற்கும் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை. மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான்.

கிளார்ஜின் என்ன செய்கிறது?

லாங் ஆக்டிங் வகையில் பூனைகளுக்கு அதிகம் பயன்படுவது கிளார்ஜின். 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் மனிதர்களுக்காக அனுமதிக்கப்பட்ட மருந்து. இங்கே லேன்டஸ், பேசலாக் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. மனித இன்சுலினில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, இரண்டைக் கூடுதலாக ஒட்டவைத்திருக்கிறார்கள். இதனால் குப்பிக்குள் அமிலக் கரைசலாக, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் மருந்து, தோலுக்கு அடியில் போனதும் நுண்ணிய படிவமாக மாறி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குப்பியின் அமிலத்தன்மை கெட்டால் இந்த வித்தையே நடக்காது. அதனால்தான் கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது, எதையும் ஊற்றி நீர்க்கவும் கூடாது.

பழைய மருந்தைப் பழகியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். என்.பி.எச். கலங்கலாக இருப்பது இயல்பு. ஊசி போடும் முன் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கலக்க வேண்டும். கிளார்ஜினை உருட்டத் தேவையில்லை. அது கலங்கியிருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

'லாங் ஆக்டிங்னா ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும்தானே?' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மனிதர்களுக்குச் சரி. பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கு தொடரத்தான் செய்யும். ஆக, ஊசிகளின் எண்ணிக்கை குறையாது. இரண்டு ஊசிக்கு நடுவில் இருந்த வெற்றிடம் நிரம்பும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. 2009-ல் வெளியான அந்த ஆய்வில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 24 பூனைகள் 8, 8 ஆகப் பிரிக்கப்பட்டன. கிளார்ஜின் போட்ட 8 பூனைகளும் ஊசி தேவைப்படாத நிலைக்கு வந்தன. இன்னொரு நீண்டநேர மருந்தான பி.இசட்.ஐ. போட்டவற்றில் 3, லென்ட்டே போட்டவற்றில் 2 மட்டுமே அந்த நிலையை எட்டின. சின்ன ஆய்வுதான். மாவுச்சத்து குறைந்த உணவும் சேர்த்தே தரப்பட்டது. எனவே 'கிளார்ஜின் போட்டா குணமாகிடும்' என்று இதைப் படிக்கக் கூடாது.

அதே ஆண்டு கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, நேரத்தின் அருமையைச் சொல்கிறது. நோய் தெரிந்து 6 மாதத்துக்குள் கிளார்ஜினோடு தீவிரக் கண்காணிப்பைத் தொடங்கிய பூனைகளில் 84% ஊசியிலிருந்து விடுபட்டன. அதற்குப் பிறகு தொடங்கியவற்றில் 35% தான். வேலை செய்யாத மருந்தோடு மாதக்கணக்கில் 'பார்ப்போம், பார்ப்போம்' என்று ஓட்டுவது நல்லதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

1 யூனிட் 2.5 யூனிட் ஆகும் இடம்

மாற்றத்தில் மிக ஆபத்தான கட்டம் மருந்துக்கடையில்தான் இருக்கிறது. இந்தியாவில் என்.பி.எச். குப்பிகள் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட் அடர்த்தியில் வருகின்றன. கிளார்ஜின் 1 மில்லிக்கு 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்ச் உண்டு. வழக்கமாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் புதிய கிளார்ஜினை எடுத்தால் என்ன ஆகும்? அந்தச் சிரிஞ்சில் 1 யூனிட் கோடு என்பது 0.025 மில்லி. 100 யூனிட் அடர்த்தியில் அது 2.5 யூனிட். மருத்துவர் 2 யூனிட் எழுதியிருந்தால் பூனைக்குப் போவது 5 யூனிட். 4 கிலோ எடையுள்ள ஓர் உயிருக்கு இது விளையாட்டான தவறு அல்ல. இதற்கு நேரெதிராக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் தேவையான அளவில் பாதிகூடப் போகாது. மருந்து மாறும் நாளிலேயே பழைய சிரிஞ்சுகளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிடுவதுதான் பாதுகாப்பு. ஊசி போடுபவர் ஒருவருக்கு மேல் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

பூனைக்கு அரை யூனிட்கூடப் பெரிய வித்தியாசம். அதனால் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சைக் கேட்டு வாங்கலாம். சாதாரண இன்சுலின் பேனாக்கள் பெரும்பாலும் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் திரும்பும். 300 யூனிட் அடர்த்தியில் வரும் கிளார்ஜினும் சந்தையில் இருக்கிறது. அதைப் பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கவே கூடாது. கணக்கு மூன்று மடங்காகிவிடும்.

செலவுக் கணக்கும் வேறு. 10 மில்லி குப்பியில் 1,000 யூனிட் இருக்கும். வேளைக்கு 1 யூனிட் போடும் பூனைக்கு அது 500 நாளுக்கு வரும். ஆனால், திறந்த குப்பியை 28 நாள்களுக்குள் முடிக்கச் சொல்கிறது மருந்தின் குறிப்பு. 300 யூனிட் கொண்ட 3 மில்லி அளவு வாங்கினால் வீணாவது குறையும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கலாம், உறைந்துவிடக் கூடாது.

முதல் சில வாரங்கள்

மாறுவதற்கு இடைவெளி விடத் தேவையில்லை. அடுத்த ஊசி நேரத்தில் பழையதற்குப் பதிலாகப் புதியது, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. பழைய டோஸை அப்படியே தூக்கி வருவதும் வேண்டாம். பழைய மருந்தில் டோஸ் ஏறிக்கொண்டே போயிருக்கும் என்பதால், வேளைக்கு 1 யூனிட் என்ற அளவில், பெரும்பாலும் 2-ஐத் தாண்டாமல் மருத்துவர்கள் புதிதாகத் தொடங்குவார்கள்.

இதற்குப் பிறகு வேண்டியது பொறுமை. முந்தைய ஊசியின் மிச்சம் அடுத்த ஊசியோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்து இது. முழு பலன் தெரியச் சில நாள்கள் ஆகும். இரண்டாம் நாளே 'இன்னும் 350 இருக்கே' என்று கூட்டினால் நான்காம் நாள் சுகர் தடாலென்று விழலாம். பொதுவாக 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறைதான் டோஸைக் கூட்டுவார்கள். குறைப்பதற்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. சுகர் இறங்கிவிட்டால் அன்றே குறைக்க வேண்டும்.

சுகரை வீட்டில் பார்ப்பதே உத்தமம். ஆஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கிப்போன பயத்திலேயே நல்ல பூனைக்குக்கூடச் சுகர் 300-ஐத் தொடும். காது ஓரத்தில் சின்னதாகக் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தால் போதும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லி, ஒரே மீட்டரை விடாமல் பயன்படுத்த வேண்டும். முடியை மழித்துத் தோலில் ஒட்டும் சென்சாரும் பூனைகளுக்குப் பயன்படுகிறது. ஊசிக்கு முந்தைய அளவு மட்டும் போதாது. ஊசிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் டோஸைத் தீர்மானிக்கும்.

60-க்குக் கீழே போனால் ஆபத்து. பூனை தள்ளாடும், துவண்டு படுக்கும், திடீர்ப் பசியில் கத்தும், வலிப்பும் வரலாம். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்கலாம். முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவ வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும். கொஞ்சம் தேறியதும் 'சரியாகிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது. லாங் ஆக்டிங் மருந்து இன்னும் பல மணி நேரம் கசிந்துகொண்டிருக்கும், சுகர் மறுபடி விழும். மருத்துவமனைக்குக் கிளம்புவதுதான் வழி. ஊசி சரியாக இறங்கியதா, முடியில் சிந்தியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று போடாதீர்கள். ஒரு வேளை தவறுவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு முறை போனால் உயிருக்கு ஆபத்து. பூனை சாப்பிடவில்லை என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான டோஸ் வேண்டாம்.

உணவிலும் ஒரு பொறி இருக்கிறது. பால்சோறும் தயிர்சாதமும் தின்று வளர்ந்த பூனைக்கு, சுகர் வந்த பிறகு மீன், கோழி, மாவுச்சத்து குறைந்த டின் உணவு என்று மாற்றுவது மிக நல்ல முடிவு. உலர் தீனியிலும் மாவுச்சத்து அதிகம். ஆனால் சோற்றை நிறுத்தினாலே இன்சுலின் தேவை குறையும். அதே வாரத்தில் வலுவான மருந்துக்கும் மாறினால் இரண்டும் சேர்ந்து சுகரை அடித்துக் கீழே தள்ளிவிடும். உணவை மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக மாற்றுவது நல்லது.

மாற்றியும் இறங்கவில்லை என்றால்?

முதலில் ஊசி போடும் விதத்தையும் மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு பல், ஈறு, சிறுநீர்த் தொற்று, ஸ்டீராய்டு மருந்து. இவை எதுவும் இல்லாமல் டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரந்து இன்சுலினை முடக்கும் இந்த நோய் அபூர்வம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். பிரிட்டனில் 1,221 சர்க்கரை நோய்ப் பூனைகளைச் சோதித்து 2015-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4-ல் 1 பூனைக்கு இதற்கான அறிகுறி ரத்தத்தில் இருந்தது.

ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்தும் வந்திருக்கிறது. 2022, 2023-ல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே இரண்டு மருந்துகள் அனுமதி பெற்றன. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைகளுக்கு இவற்றைத் தரக் கூடாது என்பதே அங்குள்ள விதி. எனவே இன்சுலின் மாற்றும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இது வழியல்ல.

எல்லாம் கூடிவந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ டோஸ் அரை யூனிட்டுக்கு இறங்கி, ஒருநாள் மருத்துவரே 'நிறுத்திப் பார்ப்போம்' என்பார். நாமாக நிறுத்தக் கூடாது. நின்ற பிறகும் எடையையும் சுகரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சில பூனைகளுக்கு நோய் திரும்பி வரும். பின்னாளில் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எழுதப்போகும் புதிய மருத்துவரிடம், இதற்கு முன்பு சுகர் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.