காகிதம் இல்லாமல் கல்யாணம்!

மாப்பிள்ளை ஜெர்மனிக்காரர். பெண் வேறு நாட்டவள். இருவர் மனமும் ஒத்துவிட்டது. ஜெர்மனியிலேயே மணம் செய்துகொள்ளப் பதிவு அலுவலகம் போகிறார்கள்.

"பெண்ணின் பிறப்புச் சான்று எங்கே?" என்கிறார் அதிகாரி.

அது இல்லை! அவள் ஊர்ப் பதிவேடு போரில் எரிந்துபோயிற்று.

இன்னொரு சான்றும் வேண்டும். "இவள் மணம் செய்யத் தடை இல்லை" என்று அவள் நாட்டு அரசாங்கம் எழுதித் தரவேண்டும். பல நாடுகள் அப்படித் தருவதே இல்லை.

கல்யாணம் நின்றுவிடுமா? நிற்க வேண்டியதில்லை. ஜெர்மன் சட்டத்தில் வழி இருக்கிறது.

தடையில்லாச் சான்று தராத நாட்டினருக்கு, உயர் நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்கலாம். மனுவைப் பதிவு அலுவலகத்திலேயே கொடுக்கலாம். விலக்கு 6 மாதம் செல்லும். அதற்குள் மணம் முடியவேண்டும்.

பிறப்புச் சான்று எப்படியும் கிடைக்காது என்றால், சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பதை அதிகாரி ஏற்கலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஏற்கனவே மணமானவர் அதை மறைத்து, மறுபடியும் மாலை மாற்றிவிடக் கூடாதே!

சத்தியம் செய்து பொய் சொன்னால் அபராதம். அல்லது 3 ஆண்டு வரை சிறை.

காகிதம் இல்லாதது குற்றம் அல்ல. பொய்தான் குற்றம்!