எழுத்தெண்ணும் கருவிகள்

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று நம் கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவன் ஒருவனை வினவின், அவன் விரல் மடக்காமலே மூன்று என விடையிறுப்பான். அவ்வினாவையே கணினியிடம் விடுத்தால் 15 என்றும், 5 என்றும், 4 என்றும், 3 என்றும் நால்வேறு விடைகள் கிடைத்தல் கூடும். இவற்றுள் எதுவும் கணக்குப் பிழையன்று. எக்கருவி கொண்டு எண்ணினோம் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். அக்கருவிகளுட் சிலவற்றை ஒப்புநோக்கி, எப்பணிக்கு எது தகும் என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியராகிய யாம் இத்துறையிற் புகுந்தமைக்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. பழைய மாணவர் பெயர்ப்பதிவேடு ஒன்றினைக் கணினியில் அமைத்தபோது, 'பாலசுப்பிரமணியம்' என்னும் பெயர் 'பாலசுப்பிரமண' எனக் குறைந்து நின்றது. பன்னிரண்டு எழுத்துக்கு இடம் வகுத்த கட்டத்துள் பத்தெழுத்துப் பெயர் அடங்கவில்லை. அகரவரிசையோ அதனினும் விந்தையாயிருந்தது. தம் பெயர் சிதைந்தமை கண்டு மூத்தவர் சிலர் மனம் வருந்தினர். எம்மிடம் பயின்று இன்று நிரல் எழுதுந் தொழில் புரியும் மாணவர் ஒருவர், அப்பதிவேட்டை ரஸ்ட் மொழியில் திருத்தி எழுத முன்வந்தார். கருவிகளைத் தேர்வது அவர் பணி. எழுத்து என்பது யாது எனக் கூறுவது எம் பணியாயிற்று.

ரஸ்ட் என்பது முறைமை நிரல்மொழிகளுள் ஒன்று. இயங்குதளம், உலாவி முதலிய அடித்தள மென்பொருள்களை ஆக்குதற்கு உதவுவனவற்றை அவ்வாறு கூறுவர். கிரேடன் ஹோர் என்பார் 2006 ஆம் ஆண்டிலே தம் தனி முயற்சியாகத் தொடங்கிய இம்மொழியை மொசில்லா நிறுவனம் பின்னர் ஆதரித்தது. அதன் 1.0 பதிப்பு 2015 மே 15 இல் வெளிவந்தது. ரஸ்ட் அறநிலையம் 2021 இல் நிறுவப்பட்டது. இம்மொழியில் உலகெங்குமுள்ளோர் எழுதிய நிரலகங்கள் கிரேட்ஸ் என்னும் பொதுப் பண்டகசாலையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை திறமூலமானவை. அஃதாவது, எவரும் படிக்கவும் திருத்தவும் எடுத்தாளவும் உரிமை வழங்கப்பட்டவை.

இனி, கருவிகளை நோக்குவோம். மொழியோடு உடன் வரும் அடிப்படை நிரலகம் முதலாவது. ரஸ்ட் தன் சொற்றொடர்களை யூடிஎஃப்-8 என்னும் முறையிற் சேமிக்கின்றது. இம்முறையில் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியிலுள்ள ஒவ்வொரு குறியும் 3 பைற்று இடம் கொள்ளும். 'லென்' என்னும் கட்டளை பைற்றுக்களையே எண்ணுமாதலின், 'தமிழ்' என்பதற்கு 15 என விடை தருகின்றது. 'சார்ஸ்' என்னும் கட்டளை ஒருங்குறிக் குறிகளை எண்ணும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனக் குறிகள் ஐந்தாதலின் விடை 5. நம் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களையும் 12 உயிர், 18 அகரமேறிய மெய், ஆய்தம், 11 உயிர்க்குறி, புள்ளி ஆகிய 43 குறிகளால் எழுதிவிடலாம் என்பதை நினைவிற் கொண்டால் இது தெளிவாகும்.

பாலசுப்பிரமணியம் என்னும் பெயரில் எழுத்துப் பத்து, குறி பதினாறு, பைற்று நாற்பத்தெட்டு. முந்திய நிரல் பன்னிரண்டு குறிகளோடு வெட்டியமையால், ணகரம் எஞ்ச அதன்மேல் ஏறிய இகரம் அறுந்தது. ரஸ்ட் மொழியிலும் இவ்வாறு வெட்டுதல் இயலும். ஒரு குறியின் பைற்றுக்களுக்கு நடுவே வெட்ட முனைந்தால் மட்டுமே நிரல் உடனே நின்றுவிடும். குறி சிதையாமல் அது காக்கும்; எழுத்துச் சிதையாமற் காப்பது அதன் கடனன்று.

எழுத்தைக் காப்பதற்கு 'யுனிகோட்-செக்மென்டேஷன்' என்னும் நிரலகம் உண்டு. ஒருங்குறியின் 29 ஆம் இணைப்பறிக்கையில் வகுக்கப்பட்ட விதிப்படி, பயில்வோர் ஓரெழுத்தாகக் கருதும் கூட்டத்தை இது பிரித்துத் தரும். இதில் இருவகை எண்ணல் உண்டு. பழைய முறையில் எண்ணினால் புள்ளி முன்னெழுத்தோடு சேரும். இகரக் குறியோ சேராது தனித்து நிற்கும். ஆகவே விடை 4. விரிந்த முறையில் எண்ணினால் த, மி, ழ் என 3 ஆகும். தமிழுக்கு விரிந்த முறையே பொருந்தும். இந்நிரலகம் சிறியது, பிற நிரலகம் எதனையும் சாராது இயங்குவது.

'பி-ஸ்டர்' என்பது மற்றொன்று. பழுதடைந்த பைற்றுக்கள் கலந்த பழைய கோப்புக்களையும் இடைநில்லாது படித்து, எழுத்துக்களைப் பிரிக்க வல்லது. ஆயினும், பாமினி எழுத்துருவில் தட்டச்சான நம் பழைய மலர்க் கோப்புக்களுக்கு இது உதவாது. அங்கே கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவன கோப்பினுள் உரோம எழுத்துக்களே. அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது 'ஐசியு4எக்ஸ்'. ஒருங்குறிக் கூட்டமைப்பின் சார்பில் ஆக்கப்பட்டு, 2022 இல் முதற்பதிப்பும் 2025 இல் இரண்டாம் பதிப்பும் கண்ட பெருந் தொகுதி இது. எழுத்தெண்ணுவதில் முன்னையதற்கும் இதற்கும் தமிழளவில் வேறுபாடில்லை. இதன் சிறப்பு வரிசைப்படுத்தலில் உள்ளது. ரஸ்ட் இயல்பாகச் சொற்களைக் குறியெண் வரிசைப்படி அடுக்கும். ஒருங்குறியிலோ னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் லகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. கபிலர், கலை, கவி, கழனி, களம், கறி, கனி என அகராதியில் நிற்க வேண்டியவை, கனி, கபிலர், கறி, கலை, களம், கழனி, கவி என மாறி நிற்கும். ஐசியு4எக்ஸ் தொகுதியின் வரிசைப்படுத்தும் பகுதியிடம் மொழி தமிழ் என அறிவித்தால் இம்முறைகேடு நீங்கும். மொழித்தரவுகளையும் உடன் கொள்ளுதலால் இது உருவிற் பெரிது. எனினும் வேண்டாத மொழிகளின் தரவை விலக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, 'யுனிகோட்-நார்மலைசேஷன்'. 'கோ' என்னும் எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாகவும் எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, அரவு என மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு, ஆதலின் கோபாலன் என்று தேடினால் கோபாலன் அகப்படாமற் போதலும் உண்டு. இந்நிரலகம் இருவடிவையும் ஒருவடிவாக்கும். ஆயின் ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவை' எனத் தட்டெழுதியிருப்பின் அதனைத் திருத்தாது. அது குறிவேறுபாடன்று, எழுத்துப்பிழை. அதனைக் களைய எழுத்தறிந்தார் கண் வேண்டும்.

இக்கருவிகளின் எல்லையையும் கூறுதல் முறை. 'க்ஷ' என்பதையும் 'ஸ்ரீ' என்பதையும் அச்சிலே ஒருருவாகக் காண்கின்றோம். பொதுவிதியைப் பின்பற்றும் இந்நிரலகங்கள் அவற்றை இவ்விரண்டாக எண்ணும். மெய்யும் உயிர்மெய்யும் எனப் பிரித்தெண்ணும் தமிழிலக்கணத்துக்கு அது மாறன்று. ஆயினும் ஓருருவை நடுவே வெட்டாதிருக்க விரும்புவோர் தனி விதி எழுதிச் சேர்த்தல் வேண்டும். மேலும், ஆய்தத்துக்கு ஒருங்குறியில் இடப்பட்ட ஆங்கிலப் பெயர் 'விசர்க்கக் குறி' என்பதாகும். தமிழறிந்தார் உடனிராத இடத்தில் வைக்கப்பட்ட பெயர் அது எனக் கருத இடமுண்டு. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுதல் ஒருங்குறி மரபன்று.

ஆகவே எமது முடிபு இது. எழுத்தெண்ணுதலும் வெட்டுதலும் மட்டும் வேண்டுவோர்க்கு யுனிகோட்-செக்மென்டேஷன் அமையும். பெயர்ப்பட்டியல், அகராதி, நூலடைவு செய்வோர் ஐசியு4எக்ஸ் தொகுதியை நாடுக. பலர் கையாற் றட்டெழுதப்பட்டவற்றை முதலில் ஒருவடிவாக்கிக்கொள்ளுக. நம் பதிவேட்டில் இம்மூன்றும் பயன்பட்டன. பெயர்கள் முழுமையுற்றன, வரிசையும் நேராயிற்று.

பிறர் ஆக்கியதைக் கொள்ளுங்கால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2016 மார்ச்சு மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலே 11 வரிகளே கொண்ட 'லெஃப்ட்-பேட்' என்னும் சிறு நிரலகத்தை அதன் ஆசிரியர் பண்டகசாலையிலிருந்து அகற்றியமையால், அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கம் தடைப்பட்டது. ரஸ்ட் மொழியின் துணைக் கருவியாகிய 'கார்கோ', எடுத்தாண்ட பதிப்புக்களை ஒரு பூட்டுக்கோப்பிற் குறித்துவைக்கும். 'கார்கோ ட்ரீ' எது எதனைச் சார்ந்துள்ளது எனக் காட்டும். 'கார்கோ ஆடிட்' அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளை எடுத்துரைக்கும். எதனைச் சார்ந்து நிற்கின்றோம் என்பதை அறியாது சார்தல் நன்றன்று.

எழுத்துக்கு இலக்கணம் வகுத்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. இன்று அவ்விலக்கணம் நிரலகங்களுக்குள்ளும் எழுதப்படுகின்றது. அதன் கதவோ திறந்தே கிடக்கின்றது. குறை கண்டால் திருத்தம் எழுதி அனுப்ப எவரும் எவரிடமும் உரிமை கேட்க வேண்டுவதில்லை. நிரல் கற்கும் நம் மாணவர் இலக்கண வகுப்பையும், இலக்கணம் கற்கும் மாணவர் நிரல் வகுப்பையும் புறக்கணியாதிருப்பின், அடுத்த விழா மலர் வெளிவருமுன் அத்திருத்தங்களுட் சில நம் கல்லூரி மாணவர் கையால் எழுதப்பட்டவையாதல் கூடும். அப்பொழுது எவர் பெயரும் நடுவே அறுபடாது.