ஜி.பி.எஸ். புதையல் வேட்டை: காஞ்சிபுரத்துப் பாறைகளில் விளையாடலாமா?

கையில் போன். திரையில் ஒரு எண். அந்த எண் காட்டும் இடத்துக்குப் போய், யாரோ ஒளித்து வைத்த சின்ன டப்பாவைத் தேடிப்பிடிக்க வேண்டும். கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜியோகேச்சிங் என்றால் அவ்ளோதான். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் இந்த வேட்டை நடக்கிறது.

பாறையேறும் பள்ளத்தாக்குகள் இந்த விளையாட்டுக்கு ரொம்பப் பிடித்த இடம். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் அப்படி ஒன்று ஏது என்று கேட்கலாம். ஆனால் ஊரைத் தாண்டினால் குன்றுகள், குடைவரைகள், கைவிடப்பட்ட கல்குவாரிகள் எல்லாம் இருக்கின்றன. வீக் எண்டில் பைக்கை எடுத்துக்கொண்டு போய், நாமும் ஒரு டப்பா ஒளித்து வைத்தால் என்ன?

அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் ஜி.பி.எஸ். சொல்லும். அங்கே போகலாமா, எதையாவது வைக்கலாமா என்பதைச் சொல்லாது.

எப்படித் தொடங்கியது இந்த விளையாட்டு?

2000-ம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பித்தான் அனுப்பியது. இடம் சுமார் 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். மே 2-ம் தேதி வாக்கில் அந்தக் குழப்பம் நிறுத்தப்பட்டது. துல்லியம் ஒரே நாளில் பல மடங்கு கூடியது.

அடுத்த நாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாகாணத்தில் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டுக் காட்டுப்பகுதியில் வைத்துவிட்டு, அதன் எண்ணை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கென்றே தனி இணையதளம் வந்தது. அப்போது உலகத்தில் இருந்த மொத்த டப்பாக்கள் வெறும் 75.

அந்த எண் என்ன?

பாவும் ஊடையும் குறுக்கே சந்திக்கும் இடத்தில் சேலையில் ஒரு புள்ளி விழுகிறது இல்லையா? அதே மாதிரி அட்சரேகையும் தீர்க்கரேகையும் சந்திக்கும் புள்ளிதான் இது. காஞ்சிபுரம் நகரம் சுமார் வடக்கு 12.83, கிழக்கு 79.70 டிகிரியில் இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் இருக்கிறதோ அத்தனை துல்லியம். மூன்று இலக்கம் என்றால் சுமார் 110 மீட்டர். நான்கு என்றால் சுமார் 11 மீட்டர்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மாமண்டூர் என்றதும் பலருக்கும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் ஊர்தான் ஞாபகம் வரும். பல்லவர் குடைவரைகள் இருக்கும் மாமண்டூர் அது இல்லை. அது காஞ்சியிலிருந்து வந்தவாசி போகும் வழியில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

பாறை இடுக்கில் போன் ஏன் தடுமாறுகிறது?

இடத்தைக் கணக்கிட போனுக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். அவை சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. திறந்தவெளியில் நல்ல போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பிய இடத்தில் கதை வேறு. தெரியும் வானம் சிறியது, அதனால் கிடைக்கும் செயற்கைக்கோள்கள் குறைவு. வரும் சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பி, சுற்றி வந்து சேரும். தூரம் கூடிவிட்டதாகப் போன் தப்புக்கணக்கு போடும். திரையில் அம்புக்குறி பாறை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். பலர் திரையைப் பார்த்தபடியே நடப்பது இந்த இடத்தில்தான் ஆபத்து.

ஒவ்வொரு டப்பாவுக்கும் 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று தேடும் கஷ்டத்துக்கு, இன்னொன்று வழியின் கஷ்டத்துக்கு. வழிக்கு 5 என்றால் கயிறு, ஹார்னஸ், படகு போன்ற தனிச் சாதனமும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் வேண்டும் என்று அர்த்தம். வெறும் ஷூவோடு போகிற இடம் அல்ல.

கல்குவாரி 'குட்டி கேன்யன்' ஆகுமா?

போட்டோவில் பார்க்க அப்படித்தான் இருக்கும். செங்குத்துச் சுவர், கீழே நீலத் தண்ணீர். மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய தண்ணீர், 2017 வறட்சியில் சென்னையின் குடிநீருக்கே எடுக்கப்பட்டது. அவ்வளவு தண்ணீர், அவ்வளவு ஆழம்.

ஆனால் இயற்கையான பாறையும் குவாரிப் பாறையும் ஒன்றல்ல. வெடி வைத்து உடைத்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். கை வைத்த கல் அப்படியே பெயர்ந்து வரலாம். தண்ணீருக்கு அடியில் படிபோல வெட்டிய பாறைகள் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விழுந்தவர் ஏறி வரக் கரை என்று ஒன்றும் கிடையாது. நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விடுவது இதனால்தான். இங்கே டப்பா ஒளித்து வைப்பது, முன்பின் தெரியாத ஒருவரை அந்த விளிம்புக்குக் கூப்பிடுவது போல.

கோயிலிலும் குடைவரையிலும் வைக்கலாமா?

கூடாது. மாமண்டூர் குடைவரைகளும், காஞ்சியின் கைலாசநாதர் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. மாமண்டூரில் முதலாம் மகேந்திரவர்மன் கால வேலைப்பாடு இருக்கிறது. அதைவிடப் பழைய தமிழ் பிராமி கல்வெட்டும் இருக்கிறது. ஏறுவதற்குப் பிடி தேடும் கையும், சாக்பொடியும், பாறையில் அறையும் ஆணியும் அதற்கு ஒன்றுதான். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் தானாகவே பொரிந்து உதிரக்கூடியது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம் என்கிறது தொல்லியல் சின்னங்கள் சட்டம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைப் போலீஸ் விளையாட்டாகப் பார்க்காது. இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011-ல் ஒரு ஜியோகேச் டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவை மூடி, நிபுணர்களை வரவழைத்து வெடித்து அழித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் காஞ்சியில் இப்படி நடந்தால் நெரிசல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் எங்கே, எப்படி விளையாடுவது?

டப்பாவே இல்லாத ஒரு வகை இருக்கிறது: எர்த்கேச். அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியில் 2004-ல் தொடங்கியது. அந்த இடத்துக்குப் போய் பாறையை உற்றுப் பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்றும் வைக்க வேண்டாம், ஒன்றும் எடுக்க வேண்டாம்.

இதற்கு ஏற்ற இடம் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி அருகே உள்ள குடியம் குகைகள். கற்கால மனிதர்களோடு தொடர்புடைய இடம். 1860-களில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்தது. அங்கே பாறைக்குள் உருண்டையான கூழாங்கற்கள் பதிந்திருக்கும். 'குன்றின் மேலே இருக்கும் கல் ஏன் உருண்டையாக இருக்கிறது?' என்பதே நல்ல புதிர். ஒரு காலத்தில் ஓடும் தண்ணீர் உருட்டிய கற்கள் அவை என்பது விடை.

குடியம் காப்புக்காட்டுக்குள் வருகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் பரவிய காட்டுத்தீயில் ட்ரெக்கிங் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் புக் செய்தால் வழிகாட்டியோடு சட்டப்படி போகலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஐந்து விஷயங்கள்

* நிலம் யாருடையது என்று கேளுங்கள். வனத்துறை, தொல்லியல் துறை, கோயில், பட்டா நிலம் என எதுவானாலும் அனுமதி வேண்டும். இது ஜியோகேச்சிங் விதியும்கூட.
* டப்பாவைப் புதைக்கக் கூடாது, அதற்காக மண்ணைத் தோண்டவும் கூடாது.
* தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.
* வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: செயற்கைக்கோள் போனையோ, செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்பும் கருவியையோ அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் கைதாக நேரிடலாம்.
* ஒரு காலிப் பை எடுத்துப் போங்கள். வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வருவதை ஜியோகேச்சர்கள் 2002 முதல் ஓர் இயக்கமாகவே செய்கிறார்கள்.

டப்பா கிடைக்காமல் திரும்பினால் அடுத்த ஞாயிறு மறுபடி போகலாம். ஆயிரம் வருடங்களைத் தாண்டி நிற்கும் எழுத்து பாறையிலிருந்து ஒருமுறை தேய்ந்துபோனால், எந்த எண்ணை வைத்துத் தேடினாலும் கிடைக்காது.